ஒற்றைச் சாவி

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இரட்டைப் பூட்டு என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பணமும் முத்திரைத்தாள்களும் வைத்திருக்கும் பெட்டக அறைக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்றின் சாவி கருவூல அதிகாரியிடம், மற்றொன்றின் சாவி காசாளரிடம். இருவரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். அதிகாரி எவ்வளவு பெரியவரானாலும் சரி, காசாளர் எவ்வளவு நாணயமானவரானாலும் சரி, தனியாக ஒருவர் உள்ளே போக முடியாது. யாரையும் சந்தேகப்பட்டு எழுதிய விதி அல்ல இது. மனிதனுக்குக் காய்ச்சல் வரும், மறதி வரும், மாற்றல் வரும், சாவும் வரும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி.

இத்தனை தெரிந்த நான் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் இன்றைய கட்டுரைக்குள் போக வேண்டும்.

ஓய்வு பெற்ற பின் எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்குச் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். சங்கத்துக்கு ஓர் இணையதளம் இருந்தது. செய்தி மடல்கள், பள்ளி நாள் குழுப்படங்கள், காலமான நண்பர்களுக்கு எழுதிய அஞ்சலிக் குறிப்புகள் என்று 11 ஆண்டுச் சேகரம் அதில். உறுப்பினர் ஒருவரின் மகன் காசு வாங்காமல் அத்தனையையும் கவனித்துக்கொண்டான். நல்ல பிள்ளை. வேலை கிடைத்து வெளிநாடு போனான். சர்வருக்கு வாடகை கட்டச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம், அவன் பார்ப்பதை விட்டுவிட்ட ஒரு பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிருக்கின்றன. கெடு முடிந்தது. சர்வரைத் துடைத்து வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். தேடிப் பிடித்துப் பேசியபோது அவன் சொன்னான்: "அங்கிள், ரூட் பாஸ்வேர்டு என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. யாருமே கேக்கலையே."

யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அந்த 'ரூட்' என்பது என்ன, அவ்வளவு பெரிய அதிகாரம் எப்படி ஒரே ஒரு சாவிக்குள் போய் உட்கார்ந்தது என்று அதன் பிறகு தேடித்தேடிப் படித்தேன். படித்ததை என் வயதுக்காரர்களுக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் வீட்டு விவகாரம். இணையதளத்துக்கு இடம் கொடுப்பதைப் பிரெஞ்சில் 'எபெர்ழ்மான்' என்பார்கள். தங்க இடம் கொடுப்பது என்று பொருள். பொருத்தமான சொல். இதில் ஏழைக்கேற்ற ஏற்பாடு ஒண்டுக்குடித்தனம். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். கிணறு பொது, முற்றம் பொது, சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அடுத்தது, ஒரு முழு சர்வரையும் தனக்கே என்று வாடகைக்கு எடுப்பது. இது தனி வீடு. வாடகை கட்டியதும் சாவிக்கொத்தை அப்படியே கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சாவிக்கொத்துக்குப் பெயர்தான் ரூட். கதவை மாற்றலாம், சுவரை இடிக்கலாம், யாரையும் குடிவைக்கலாம், யாரையும் வெளியேற்றலாம். வீட்டையே தரைமட்டமாக்கினாலும் ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

இந்தச் சாவி பிறந்த கதை அமெரிக்காவில், இணையம் பிறப்பதற்கு வெகு முன்பே தொடங்குகிறது.

1960களின் தொடக்கத்தில் கணினி என்பது ஓர் அறை நிறைய நிற்கும் இயந்திரம். எம்.ஐ.டி. என்னும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவர் குழுவினரும், அந்த ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறையை உருவாக்கி 1961 இல் செய்து காட்டினார்கள். பலர் பங்கிட்டால் அவரவர் கோப்பை அவரவர் மட்டும் பார்க்க வேண்டுமே. அதற்காகத்தான் ஆளுக்கொரு பாஸ்வேர்டு வந்தது. ஆனால் அத்தனை பாஸ்வேர்டுகளும் எங்கோ ஓரிடத்தில் ஒரே பட்டியலாக இருந்தாக வேண்டும். அந்தப் பட்டியலைத் தொடக்கூடியவர் எல்லோருக்கும் மேலான ஒருவராகத்தான் இருக்க முடியும். சிக்கல் அன்றே தொடங்கிவிட்டது.

1962 இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கணினி கிடைத்தது. வேலை முடியவில்லை. என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பட்டியலின் பெயரைக் குறிப்பிட்டு, அச்சிட்டுத் தருமாறு ஒரு துளை அட்டையைப் போட்டார். அச்சிட்டே கொடுத்துவிட்டார்கள். பல வருடங்கள் கழித்து அவரே இதைச் சொன்னார்.

1966 இல் நடந்தது இன்னும் வேடிக்கை. அதே அமைப்பில் இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பாஸ்வேர்டு பட்டியலைத் திருத்தினார். மற்றவர், உள்ளே நுழைபவர்கள் கண்ணில் படும் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். அந்தத் திருத்தும் நிரல் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைக்கும். இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவரையும் வரவேற்றது அன்றைய அறிவிப்பு அல்ல, ஊரார் எல்லோருடைய பாஸ்வேர்டும்! நல்லவர்கள் இருவர், தத்தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். சாவி மட்டும் தெருவுக்கு வந்துவிட்டது.

எம்.ஐ.டி.யும் பெல் ஆய்வகமும் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் சேர்ந்து அடுத்து 'மல்டிக்ஸ்' என்ற பெரிய அமைப்பைக் கட்டத் தொடங்கின. அதில் பாதுகாப்பு ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையங்களாக அமைந்திருந்தது. நம் கோயில்களின் பிராகாரங்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை இழுத்துக்கொண்டே போகவே, 1969 இல் பெல் ஆய்வகம் விலகியது. விலகி வந்தவர்களில் கென் தாம்சன் என்பவர் கிடைத்த ஒரு சிறிய பழைய கணினியில் தன் போக்கில் எளிமையான ஓர் அமைப்பை எழுதினார். டென்னிஸ் ரிட்சி சேர்ந்துகொண்டார். அதுதான் 'யூனிக்ஸ்'. இன்று இணையத்தின் சர்வர்களில் பெரும்பாலானவற்றில் ஓடும் லினக்ஸ், அதைப் பார்த்து 1991 இல் எழுதத் தொடங்கியது.

யூனிக்ஸில் பிராகாரம் எல்லாம் இல்லை. ஒரு வரிசைக்காரர்கள் சாதாரணப் பயனாளிகள். அவர்களுக்கு ஆயிரம் கேள்வி, ஆயிரம் தடை. மற்றொரு வரிசையில் ஒரே ஒருவர், சூப்பர் யூசர். ஒவ்வொரு பயனாளிக்கும் ஓர் எண் உண்டு. அவருடைய எண் 0. எண் 0 என்றால் அனுமதி உண்டா இல்லையா என்ற சோதனையையே இயந்திரம் தாண்டிப் போய்விடும். கோப்புகள் எல்லாம் தலைகீழாக நிற்கும் ஒரு மரம்போலக் கிளை கிளையாக அடுக்கப்பட்டிருந்தன. அதன் மூலத்துக்கு ரூட் என்று பெயர். பிரெஞ்சில் 'ரசீன்', தமிழில் வேர். எண் 0 பயனாளிக்கு வழங்கிய பெயரும் அதே ரூட். 1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே, சாதாரணப் பயனாளி பாஸ்வேர்டு கொடுத்து இந்த அதிகாரத்துக்கு மாறும் கட்டளை இருக்கிறது.

ஏன் இவ்வளவு எளிதாக விட்டார்கள்? இயந்திரம் சிறியது, அதில் பல வளையங்களுக்கு இடமில்லை. அதைவிட முக்கியம், பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் அறிந்த சில பேர். பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஒரு கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே சாவி போதும்தானே? அந்த வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டே பிற்காலத்தில் உலகம் முழுதும் சத்திரம் நடத்தப் போகிறார்கள் என்று அன்று யாருக்குத் தெரியும்?

ஒற்றைச் சாவியின் ஆபத்து அவர்களுக்கே சீக்கிரம் புரிந்தது. ஒருவர் தன் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அது இருப்பதோ ரூட் மட்டும் எழுதக்கூடிய கோப்பில். ஒவ்வொரு முறையும் ரூட்டைக் கூப்பிட முடியுமா? ரிட்சி ஒரு வழி கண்டார். அந்த ஒரு வேலைக்கான நிரலுக்கு மட்டும், அது ஓடும் நேரத்துக்கு மட்டும், அதிகாரியின் உரிமை. அலுவலகத்தில் அதிகாரியின் முத்திரையை ஒரு குறிப்பிட்ட படிவத்தில் மட்டும் குத்துவதற்கு எழுத்தரிடம் கொடுப்பதில்லையா, அதேதான். இதற்கு அவர் பெயரில் 1979 ஜனவரியில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அது பொதுப் பயன்பாட்டுக்கே விடப்பட்டது. நல்ல யோசனைதான். ஆனால் முத்திரையை வைத்திருக்கும் எழுத்தர் ஏமாந்தால் அதிகாரியே ஏமாந்த மாதிரி. அப்படிப்பட்ட நிரல்களில் இருக்கும் ஓட்டைகளைத் தேடுவதே பிறகு திருடர்களின் தொழிலாகிவிட்டது.

அதே 1979 இல் ராபர்ட் மாரிஸ் என்பவரும் தாம்சனும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சேகரித்த 3,289 பாஸ்வேர்டுகளில் 86 விழுக்காடு மிகக் குட்டையானவை, அல்லது அகராதிச் சொற்கள், பெயர்கள் போன்று சுலபமாக ஊகிக்கக்கூடியவை. வாசற்படி மிதியடிக்குக் கீழே சாவியை வைத்துவிட்டுப் போகிற வழக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும். விதி செய்த கேலியைப் பாருங்கள். 1988 நவம்பர் 2 ஆம் தேதி அந்த மாரிஸின் மகன், அவரும் ராபர்ட், மாணவராக இருந்தபோது இணையத்தில் ஒரு புழு நிரலை விட்டார். அஞ்சல் நிரல் போன்றவற்றின் ஓட்டைகள் வழியாகவும், ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகள் வழியாகவும் அது பரவியது. அன்று இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 கணினிகளில் 6,000 முடங்கின என்பது அக்காலத்திய மதிப்பீடு. அது கோப்புகளை அழிக்கவில்லை. மகனுக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம். தகப்பனார் எச்சரித்த கதவு வழியாகவே பிள்ளை போனார்.

இதற்கிடையே, 1980 வாக்கில், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காக்ஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் ஒரு சிறிய நிரலை எழுதினார்கள். பெயர் 'சுடு'. (தமிழ்க் காதுக்கு வேறு பொருள் தரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ரூட் பாஸ்வேர்டையே ஊருக்கெல்லாம் சொல்வதற்குப் பதிலாக, இன்னார் இன்ன வேலையை மட்டும் ரூட்டாகச் செய்யலாம் என்று ஒரு பட்டியல் வைப்பது அதன் முறை. யார், எப்போது, எந்தக் கட்டளை கொடுத்தார் என்று பதிவேட்டில் ஏறிவிடும். முதன்முறை பயன்படுத்துபவருக்கு அது ஒரு சிறு உபதேசமும் செய்யும்: பிறர் அந்தரங்கத்தை மதியுங்கள், தட்டுமுன் யோசியுங்கள் என்று. எழுத்தர் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இந்த முழுக் கதையிலும் மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். அதிகாரப் பகிர்வு ஆணையையும் இயக்கப் பதிவேட்டையும் இயந்திரத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்!

இனி வலைத்தளம். ஜெனீவாவுக்கு அருகே உள்ள சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1990 இல் உலகின் முதல் வலை சர்வரைத் தன் அறையிலிருந்த ஒரு நெக்ஸ்ட் கணினியில் ஓட்டினார். இது சர்வர், அணைக்காதீர்கள் என்று ஒரு தாளில் சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். முதல் சர்வரின் பாதுகாப்பு ஏற்பாட்டில் அந்தத் துண்டுத் தாளும் உண்டு. 1993 ஏப்ரல் 30 அன்று சேர்ன் அந்தத் தொழில்நுட்பத்தைக் கட்டணமில்லாமல் உலகுக்குக் கொடுத்தது. அதன் பிறகு கடை வைத்தவர், பத்திரிகை நடத்தியவர், கோயில் கமிட்டி என எல்லோருக்கும் தளம் வேண்டியிருந்தது. சர்வர் வாடகைத் தொழில் பிறந்தது.

ஆனால் சர்வர் ஓர் ஊரில், குடியிருப்பவர் வேறு ஊரில். ரூட் கட்டளைகள் கம்பி வழியே போக வேண்டும். அப்போது வழக்கில் இருந்த 'டெல்நெட்' முறையில் பாஸ்வேர்டு அப்படியே பச்சையாகப் போகும். போஸ்ட் கார்டில் ரகசியம் எழுதுவது போல, வழியில் எவரும் படிக்கலாம். 1995 இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் யாரோ அப்படிப் படித்துவிட்டார்கள். அதைக் கண்ட தாத்து இலோனென் என்ற ஃபின்லாந்துக்காரர், எல்லாவற்றையும் குறியீடாக மாற்றி, உறைக்குள் வைத்து அரக்கு முத்திரையிட்டு அனுப்புவது போன்ற 'எஸ்.எஸ்.எச்.' முறையை எழுதி அதே ஆண்டில் இலவசமாக வெளியிட்டார். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ரூட் சாவியைத் திருப்பலாம் என்ற நிலை நம்பிக்கையோடு வந்தது அதன் பிறகுதான். தனி சர்வர் வாடகைத் தொழிலுக்கு இதுவே அச்சாணி.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஓர் அறிமுகமான பெயர் உண்டு, ரூபே. வட பிரான்சின் கம்பளி மில் நகரம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். முதலியார்பேட்டை மில் சங்குக்குக் கடிகாரத்தைச் சரி செய்துகொண்டவர்கள் நாம். அங்கேயும் அப்படித்தான் ஒரு காலம். மில்கள் மூடின. அந்த ஊரில்தான் 1999 இல், போலந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஒக்தாவ் கிளாபா என்ற இளைஞர் ஓ.வே.ஆஷ். நிறுவனத்தைத் தொடங்கினார். சர்வர்களைத் தாங்களே கட்டினார்கள், நீரோடவிட்டுக் குளிர்வித்தார்கள், குறைந்த வாடகைக்கு முழு ரூட் அதிகாரத்தோடு கொடுத்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கே எட்டக்கூடியதாக இருந்த தனி வீடு, சங்கங்களுக்கும் தனி மனிதர்களுக்கும் கைக்கெட்டியது.

கைக்கு எட்டியதன் மறுபக்கம்தான் என்னைப் போன்றவர்கள் அறியாதது. ரூட் கொடுத்தபின் வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. மின்சாரம், கட்டிடம், கம்பி இணைப்பு, பழுதான பாகம் இவை அவர் பொறுப்பு. உள்ளே இருப்பதன் பிரதி எடுத்து வைப்பது, தனியாக ஏற்பாடு செய்துகொள்ளாவிட்டால், குடியிருப்பவர் பொறுப்பு.

ரூட் வைத்திருப்பவர் திறமைசாலியாக இருந்தால் போதாது என்பதற்கு ஓர் உதாரணம். 2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், களைத்துப்போன நேரத்தில், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுகளை அழிக்கக் கட்டளை கொடுத்தார். தவறு புரிந்து நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5 மட்டுமே மிஞ்சியது. பிரதி எடுக்க ஐந்து ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். பார்த்தால் எதையும் நம்பமுடியவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு பிரதி காப்பாற்றியது. அந்த நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும். பொறியாளரைத் தூற்றாமல் நடந்ததை முழுவதும் வெளியிட்டார்கள்.

பிறகு ஸ்ட்ராஸ்பூர். 2021 மார்ச் 10, நள்ளிரவு 12 மணி 47 நிமிடம். ரைன் நதிக்கரையில் இருந்த ஓ.வே.ஆஷ். கட்டிடங்களில் தீ. சுமார் 100 தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்று முழுதாகவும், பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு பகுதியும் எரிந்து போயின. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் 36 லட்சம் வலைத்தளங்கள் முடங்கியதாக நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. பிரெஞ்சு அரசின் பொதுத் தரவுத் தளமும், பாரீஸின் போம்பிதூ கலை மையத் தளமும் அவற்றுள் அடக்கம். வெளியூரில் பிரதி வைத்திருந்தவர்கள் சில நாளில் எழுந்தார்கள். வைக்காதவர்களிடம் ரூட் பாஸ்வேர்டு இருந்தது, திறப்பதற்கு வீடுதான் இல்லை. பிரதிக்கென்றே தனியாகக் கட்டணம் கட்டிய நிறுவனம் ஒன்றின் பிரதியும் அதே கட்டிடத்தில் இருந்து எரிந்துபோனது. 2023 ஜனவரியில் லீல் வணிக நீதிமன்றம் அதற்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

இதைப் படித்தபோது எனக்குக் கருவூல விதியின் இன்னொரு பாதி நினைவுக்கு வந்தது. பணப்பெட்டியின் மாற்றுச் சாவிகளை அதே அலுவலகத்தில் வைக்கக் கூடாது. உறையிலிட்டு முத்திரை வைத்து வேறிடத்தில் ஒப்படைக்க வேண்டும். அதோடு முடியவில்லை. ஆண்டுக்கொரு முறை, ஏப்ரல் மாதத்தில், அவற்றை வரவழைத்து, பார்த்து, புது முத்திரையிட்டுத் திருப்பி அனுப்பி, சரியாக இருந்தன என்று பதிவேட்டில் குறிப்பு எழுத வேண்டும். இளவயதில் இதை வெறும் சடங்கு என்று நினைத்து அலுத்துக்கொண்டே எழுதியிருக்கிறேன். கிட்லாப் காரர்களிடம் ஐந்து மாற்றுச் சாவிகள் இருந்தன, ஏப்ரல் மாதம் இல்லை. ஸ்ட்ராஸ்பூரில் எரிந்துபோன அந்த மாற்றுச் சாவி அதே கட்டிடத்தில் இருந்தது. எங்கள் சங்கத்தில் மாற்றுச் சாவியே இல்லை.

உறுப்பினர்களின் வீடுகளில் கிடந்த பழைய சி.டி.க்கள், மின்னஞ்சல்கள், அச்சுப் பிரதிகளிலிருந்து சங்கத்தின் சேகரத்தில் பாதியை மீட்டோம். அஞ்சலிக் குறிப்புகளில் பல திரும்பவில்லை. அவற்றை எழுதியவர்களிலும் சிலர் இன்று இல்லை. அந்தப் பையனைக் குறை சொல்லி ஒரு உறுப்பினர் பேசியபோது நான் எழுந்து, தவறு செயலாளருடையது என்று பதிவு செய்யச் சொன்னேன். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அது இருக்கிறது.

இப்போது புதிய தளம் இருக்கிறது. ரூட் சாவி இருவரிடம். வேலை செய்பவர் சுடு வழியாகத்தான் செய்வார், பதிவேடு இருக்கும். வாடகை நினைவூட்டல் சங்கத்தின் பொது முகவரிக்கு வரும். பிரதி ஒன்று வேறு நாட்டு சர்வரில், மற்றொன்று என் வீட்டு இரும்பு அலமாரியில். ஒவ்வோர் ஏப்ரலிலும் அந்தப் பிரதியை எடுத்து, திறந்து பார்த்து, ஒரு நோட்டில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். இளைஞர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சென்ற ஏப்ரலில் திறந்தபோது 1964 ஆம் ஆண்டுக் குழுப்படம் வந்தது. இரண்டாவது வரிசையில் இடமிருந்து நான்காவது நான். இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.